பிறர் உயர்வும் நம் உள்ளமும்

பிறருடைய துன்பத்தில் பங்குகொள்வது நமக்கு இயல்பாகவே வருகிறது. அண்டை வீட்டில் ஒரு துக்கம் நேர்ந்தால் அழைப்பை எதிர்பாராமல் ஓடுகிறோம். அடுப்பு மூட்டிக் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கிறோம். இரவெல்லாம் உடன் இருக்கிறோம். அதே வீட்டுப் பிள்ளைக்குப் பெரிய உத்தியோகம் கிடைத்தது என்ற செய்தி வந்தால் என்ன செய்கிறோம்? "அப்படியா, மிகவும் நல்லது" என்கிறோம். ஆனால் நம் குரலில் ஓர் இழை தளர்ந்து விடுகிறது. சற்று நேரம் கழித்து, "அவனுக்கு மேலிடத்தில் யாரோ வேண்டியவர் இருப்பார்" என்று நம் வீட்டுக்குள் நாமே பேசிக்கொள்கிறோம். அழுகிறவர்களோடு அழுவதைக் காட்டிலும் மகிழ்கிறவர்களோடு மகிழ்வதே அரிய செயல் என்பதை நம்மில் ஒவ்வொருவரும் அனுபவத்தில் அறிவோம்.

வெளிமாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நமக்கு இச்சோதனை இன்னும் கூர்மையானது. தில்லியிலோ மும்பையிலோ கொல்கத்தாவிலோ பல லட்சம் பேர் வாழ்கிறார்கள். அவர்களுள் எவர் எவரோ உயர்கிறார்கள். அவர்களைப் பற்றி நமக்குக் கவலையில்லை. ஆனால் நம்மோடு ஒரே ரயிலில் வந்து இறங்கியவர், நம் தெருவில் ஒண்டுக்குடித்தனம் இருந்தவர், நம்மோடு தமிழ்ச் சங்கத்து நாடகத்தில் வேஷம் போட்டவர் ஒருவர் உயர்ந்தால் உள்ளம் உறுத்துகிறது. காலத்தாலும் இடத்தாலும் வயதாலும் புகழாலும் நமக்கு அருகில் இருப்பவர் மீதே பொறாமை பிறக்கிறது என்று கிரேக்கப் பேரறிஞர் அரிஸ்டாட்டில் தம்முடைய அணியியல் நூலில் இருபத்து மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்து சொன்னார். நம் வள்ளுவப் பெருந்தகையும் அழுக்காறாமைக்கென்று பதினேழாம் அதிகாரத்தை ஒதுக்கினார். ஆகவே இது எந்த ஒரு சமயத்தாருக்கும் உரிய தனிப் பிரச்சினை அன்று. நான் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவன். அந்த வழியில் எனக்குக் கிடைத்த வெளிச்சத்தைக் கொண்டு இப்பொருளைச் சற்று நோக்க விரும்புகிறேன்.

அதற்கு முன் உங்களை ஓர் ஊருக்கு அழைத்துச் செல்கிறேன்.

கோயம்புத்தூரிலிருந்து மேற்கே ஆனைகட்டி வழியாகச் சென்றால் கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்த அட்டப்பாடி மலைப்பகுதியை அடையலாம். அதன் நடுவே இருப்பது அகளி. அது நான் பிறந்து வளர்ந்த ஊர். என் தந்தையார் கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து அங்கே ஒரு சிறு மளிகைக் கடை வைத்திருந்தார். தமிழும் மலையாளமும் அங்கே ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசும். இவ்விரண்டுக்கும் முற்பட்ட உரிமையோடு, இருளர், முடுகர், குறும்பர் என்னும் பழங்குடி மக்கள் அம்மலைகளில் வாழ்கிறார்கள். அவர்களுடைய குடியிருப்புகளுக்கு 'ஊர்' என்றே பெயர். அத்தகைய ஊர்கள் அட்டப்பாடியில் ஏறக்குறைய 190 உண்டு. ஊருக்குத் தலைவர் மூப்பன். மல்லீசுவரன் முடி என்னும் சிகரம் அவர்களுக்குத் தெய்வம்.

இருளர்களுடைய மொழி தமிழுக்கு மிக நெருங்கிய உறவுடையது. மாலை வேளையில் ஆற்றுக்கு அப்பாலிருந்து அவர்களுடைய பறை ஒலியும், கொகல் என்னும் குழலின் நீண்ட ஓசையும், பெண்களின் பாட்டும் எங்கள் கடைவாசல் வரை வரும். சொற்களில் பாதி எங்களுக்கு விளங்கும்; பாதி விளங்காது. உண்மையைச் சொல்லுகிறேன்: அதைச் சங்கீதம் என்று நாங்கள் ஒருநாளும் எண்ணியதில்லை. கடைக்கு உப்பும் புகையிலையும் வாங்க வருகிறவர்கள் பாடுகிறார்கள் என்று எண்ணினோம்; அவ்வளவே. சங்கீதம் என்றால் அது வானொலிப் பெட்டியிலிருந்து வரவேண்டும் என்பது எங்கள் துணிபு.

2020ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 'அய்யப்பனும் கோஷியும்' என்ற மலையாளத் திரைப்படம் வெளிவந்தது. அட்டப்பாடியைக் களமாகக் கொண்ட அப்படத்தை இயக்கியவர் சச்சி என்று யாவராலும் அழைக்கப்பட்ட சச்சிதானந்தன். அதன் இசையமைப்பாளர் ஜேக்ஸ் பிஜாய். அதில் இருளர் மொழியிலேயே ஒரு பாட்டு ஒலித்தது. அதை இயற்றியவரும் பாடியவரும் ஒருவரே, அவர் நஞ்சியம்மா. அட்டப்பாடியைச் சேர்ந்த இருளர் குலப் பெண்மணி. ஆடு மாடு மேய்த்து வாழ்ந்தவர். எந்தக் குருவிடமும் அமர்ந்து சுரவரிசை பயின்றவர் அல்லர். தம் முன்னோர் வழியே காதில் விழுந்த பாட்டை, பழனிசாமி என்னும் கலைஞர் நடத்தி வந்த குழுவோடு சேர்ந்து மேடைகளில் பாடி வந்தவர். சச்சி அந்தக் குரலைக் கேட்டுத் தம் படத்துக்கு வேண்டும் என்று கொண்டார். அவர் அதே ஆண்டு ஜூன் 18ஆம் நாள் காலமானார். அப்பாட்டுக்கு வந்த பெருஞ்சிறப்பைக் காண அவர் இல்லை.

2022ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் நாள் 68ஆவது தேசியத் திரைப்பட விருதுகள் அறிவிக்கப்பட்டன. சிறந்த பின்னணிப் பாடகி என்ற விருது நஞ்சியம்மாவுக்குக் கிடைத்தது. அதே பட்டியலில் சிறந்த திரைப்படமாகத் தேர்வு பெற்றது தமிழ்ப் படமாகிய 'சூரரைப் போற்று'. அதில் நடித்த கேரளத்துப் பெண் அபர்ணா பாலமுரளிக்குச் சிறந்த நடிகை விருது. தமிழுக்கு ஒரு மலையாளப் பெண்ணால் பெருமை. மலையாளத்துக்குத் தமிழின் உறவுமொழி ஒன்றில் பாடிய மூதாட்டியால் பெருமை. எல்லைப்புறத்தில் பிறந்த எனக்கு அந்தப் பட்டியலைப் படிக்கும்போது நெஞ்சு நிறைந்தது.

ஆனால் ஓரிரு நாட்களுக்குள் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. கேரளத்து இசைக்கலைஞர் ஒருவர் இவ்விருதைப் பகிரங்கமாகக் குறை கூறினார். இசைக்காகவே வாழ்நாளை அர்ப்பணித்து இடைவிடாமல் சாதகம் செய்பவர்களுக்கு இது அவமதிப்பாகும் என்பது அவருடைய வாதத்தின் சாரம். அவர் பெயர் நமக்கு வேண்டாம். அந்த வாதமே நமக்கு முக்கியம். ஏனெனில் அது கேட்பதற்கு மிக நியாயமாக இருக்கிறது. உழைத்தவனுக்கு மதிப்பு வேண்டாமா? முறையாகக் கற்றவனுக்கு ஓர் இடம் வேண்டாமா?

அவ்வாதத்துக்கு விடை பண்டிதர் அல்லாதவர்களிடமிருந்து வரவில்லை. இசையையே தொழிலாகக் கொண்டவர்களிடமிருந்து வந்தது. இசையமைப்பாளர்கள் அல்போன்ஸ் ஜோசப்பும் பிஜிபாலும், பாடகி சித்தாரா கிருஷ்ணகுமாரும், வேறு பலரும் நஞ்சியம்மாவின் பக்கம் நின்று வெளிப்படையாகப் பேசினார்கள். பயிற்சியின் அருமை அறிந்தவர்கள் அவர்கள். அந்த மேடைக்கு உரியவர்கள் என்று தங்களைக் கருதிக்கொள்ளக்கூடிய தகுதியும் உடையவர்கள். அவர்களே எழுந்து, 'இது நல்ல பாட்டு. இது தக்க விருது' என்று சொன்னது சிறப்பு. நஞ்சியம்மாவோ குறை கூறியவர் மீது கசப்புக் கொள்ளவில்லை. அவ்வாண்டு செப்டம்பர் 30ஆம் நாள் புதுதில்லி விஞ்ஞான பவனத்தில், பழங்குடிக் குலத்திலிருந்து குடியரசுத் தலைவராக உயர்ந்த திரௌபதி முர்மு அவர்களின் கையிலிருந்து அவ்விருதைப் பெற்றார். அரங்கத்தினர் எழுந்து நின்று கரவொலி செய்தனர்.

நேயர்களே, இச்செய்தியில் என் பங்கு ஒன்று உண்டு. அது பெருமைக்குரிய பங்கு அன்று.

நான் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளன். அதே ஜூலை மாதத் தொடக்கத்தில் எங்கள் பிரிவில் முதுநிலைப் பதவி ஒன்றுக்கு ஆள் தேர்ந்தெடுக்கப்பட்டது. நான் அதை எதிர்பார்த்திருந்தேன். என்னைவிடப் பத்து வயது இளையவரான தமிழ் நண்பர் ஒருவருக்கு அது கிடைத்தது. அவர் சேர்ந்த புதிதில் அவருடைய வாக்கியங்களைச் சிவப்பு மையால் திருத்தியவன் நான். செய்தி வந்த அன்று அலுவலகம் முழுவதும் அவர் மேசையைச் சுற்றி நின்றது. நான் மட்டும் ஒரு கோப்பில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். மாலையில் வீட்டுக்கு வந்து, "அனுபவத்துக்கு இங்கே மதிப்பில்லை, இலக்கணத்தை முறையாகக் கற்றவனுக்கு இடமில்லை" என்று மனைவியிடம் குறைபட்டுக்கொண்டேன். மூன்று வாரம் அவரிடம் ஒரு வாழ்த்துச் சொல்லும் சொல்லவில்லை.

அப்பொழுதுதான் நஞ்சியம்மாவின் செய்தி வந்தது. அதைத் தொடர்ந்து அந்தக் கண்டனமும் வந்தது. எனக்கு அடங்காத சினம். "எங்கள் ஊர்ப் பெண்மணியின் குரலுக்கு இலக்கணம் பார்க்கிறானே! இது வெறும் பொறாமை அல்லாமல் வேறென்ன?" என்று இரவு உணவின்போது உரத்துப் பேசினேன். என் மனைவி சோறு பரிமாறிக்கொண்டே அமைதியாகக் கேட்டாள்: "அந்தப் பாடகர் செய்தது இருக்கட்டும். நீங்கள் தம்பிக்கு வாழ்த்துச் சொல்லியாயிற்றா?"

என்னால் விடை சொல்ல இயலவில்லை. முறையாகக் கற்றவனுக்கு இடமில்லை என்று அந்தப் பாடகர் சொன்னதற்கும், மூன்று வாரமாக நான் சொல்லிவந்ததற்கும் ஒரு சொல்கூட வேறுபாடு இல்லை. அவர் அதைப் பகிரங்கமாகச் சொன்னார். நான் என் வீட்டுக்குள் சொன்னேன். அவ்வளவுதான்.

பொறாமை ஒருபோதும் தன் சொந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. அது நியாயத்தின் மேலாடையை இரவல் வாங்கி அணிந்துகொண்டு வருகிறது. 'எனக்குக் கிடைக்கவில்லையே' என்று அது பேசாது. 'நீதி என்ன ஆயிற்று?' என்று பேசும். இதை மிக நுட்பமாகக் காட்டுவது இயேசுபிரான் சொன்ன திராட்சத்தோட்டத்து உவமை. மத்தேயு எழுதிய சுவிசேஷத்தின் இருபதாம் அதிகாரத்தில் அது இருக்கிறது. தோட்டக்காரர் ஒருவர் விடியற்காலையில் சிலரை நாள் ஒன்றுக்கு ஒரு வெள்ளிக்காசு கூலி பேசி அமர்த்துகிறார். பிறகு காலையிலும் நண்பகலிலும் பிற்பகலிலும், பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போதும் வேறு சிலரை அமர்த்துகிறார். மாலையில் எல்லோருக்கும் ஒரே வெள்ளிக்காசு. விடியலில் வந்தவர்கள் முறுமுறுக்கிறார்கள். அவர்களுடைய கூலியில் ஒரு செப்புக்காசும் குறையவில்லை. பேசிய தொகை கைக்கு வந்துவிட்டது. கடைசியாக வந்தவனின் கையில் இருக்கும் காசைப் பார்த்த பிறகே அவர்கள் கையிலிருந்த காசு சிறுத்துவிட்டது.

இந்த உவமையைச் சிறு வயதிலிருந்து பலமுறை கேட்டிருக்கிறேன். விடியலில் வந்தவர்கள் பக்கமே நியாயம் இருப்பதாக எனக்கு எப்பொழுதும் தோன்றும். அன்றிரவுதான், நான் அந்தக் கூட்டத்தில் நின்றுகொண்டு கேட்டதனால் அப்படித் தோன்றியது என்று விளங்கிற்று. நண்பருக்குப் பதவி கிடைத்ததனால் என் சம்பளம் குறையவில்லை. என் தமிழும் குறையவில்லை. அவருடைய கையை நான் பார்த்தேன்; அவ்வளவே நடந்தது.

வேதாகமத்தில் இன்னொரு காட்சி உண்டு. இளைஞனான தாவீது கோலியாத்தை வீழ்த்தித் திரும்பும்போது, ஊர்ப் பெண்கள் ஆடிப்பாடி எதிர்கொள்கிறார்கள். சவுல் மன்னனுக்கு ஆயிரக்கணக்கிலும் தாவீதுக்குப் பதினாயிரக்கணக்கிலும் வெற்றியைக் கணக்கிட்டுப் பாடுகிறார்கள். மன்னனை யாரும் இகழவில்லை, புகழத்தான் செய்தார்கள். ஆயினும் அந்தக் கணக்கு அவன் செவியில் முள்ளாகத் தைத்தது. அந்நாள் முதல் அவன் தாவீதை வேறு கண்ணால் பார்க்கலானான். ஈட்டியை எறியும் அளவுக்கு அது முற்றியது. அதே அரண்மனையில் சவுலின் மகன் யோனத்தானும் இருந்தான். முறைப்படி அரியணைக்கு உரியவன் அவன். தாவீது உயர்ந்தால் தகப்பனைவிட அதிகமாக இழக்க இருந்தவனும் அவனே. ஆனால் அவன் தன் மேலங்கியைக் கழற்றித் தாவீதுக்கு அணிவித்தான். தன் வாளையும் வில்லையும் கச்சையையும் கொடுத்தான். ஒரே வீடு, ஒரே செய்தி, தகப்பன் கையில் அது ஈட்டியாயிற்று, மகன் கையில் அங்கியாயிற்று.

திருச்சபையின் தொடக்க நாட்களில் பர்னபா என்ற பெரியவர் ஒருவர் இருந்தார். சைப்பிரஸ் தீவைச் சேர்ந்தவர். தம் நிலத்தை விற்று ஏழைகளுக்கென்று கொடுத்தவர். பவுல் என்று பின்னாளில் புகழ் பெற்றவரை எல்லாரும் ஐயுற்று அஞ்சி விலகிய காலத்தில், அவருக்காகப் பிணை நின்றவர் இந்தப் பர்னபாவே. பின்னும் தர்சு பட்டணத்துக்குத் தாமே தேடிச் சென்று, பவுலை அந்தியோகியாவுக்கு அழைத்து வந்து, தம் பணியில் பங்கு கொடுத்தார். அப்போஸ்தலருடைய நடபடிகள் என்ற நூலில் முதலில் பர்னபாவின் பெயர் முன்னும் பவுலின் பெயர் பின்னும் வரும். சில அதிகாரங்கள் கடந்தால் பெரும்பாலும் பவுல் முன்னும் பர்னபா பின்னும் ஆகிவிடுகிறது. பெயரின் வரிசை மாறியதைக் குறித்துப் பர்னபா ஒரு வார்த்தை முறையிட்டதாக அந்நூலில் இல்லை. என்னைப்போன்ற மூத்த ஊழியர்கள் நாள்தோறும் நினைக்கவேண்டிய பெரியவர் அவர்.

இத்தகைய மனம் நம் தமிழ்நாட்டுக்குப் புதியதன்று. மாயூரத்தில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளையை நேயர்கள் அறிவார்கள். 1826 முதல் 1889 வரை வாழ்ந்தவர், தமிழின் முதல் நாவலாகிய 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை 1879இல் வெளியிட்டவர், கிறிஸ்தவர், கீர்த்தனைகளும் இயற்றியவர். அவர்மீது 'குளத்தூர்க் கோவை' என்ற பிரபந்தத்தைப் பாடியவர் சைவப் பெரும்புலவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. 1876ஆம் ஆண்டை ஒட்டி வந்த கொடும் பஞ்சத்தில் வேதநாயகம் பிள்ளை தம் பொருளை வாரி வழங்கியதைக் கண்டு, நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் புகழ்ந்து பாட்டு இயற்றினார். சமயம் வேறு, தொழில் ஒன்று. கவிஞனைக் கவிஞன் பாடினான். கீர்த்தனைக்காரரைக் கீர்த்தனைக்காரர் பாடினார். குயவனுக்குக் குயவன் பகைவன் என்று கிரேக்கர்கள் சொல்வார்களாம். மாயூரத்தில் அது பொய்த்தது.

இவர்களுக்கெல்லாம் இது எப்படி இயன்றது? பவுல் அடிகள் கொரிந்து நகரத்தாருக்கு எழுதிய நிருபத்தில் இதற்கு ஒரு திறவுகோல் தருகிறார். நாம் எல்லோரும் ஓர் உடலின் உறுப்புகள் என்கிறார். ஓர் உறுப்புக்கு மதிப்புக் கிடைத்தால் மற்ற உறுப்புகள் எல்லாம் கூடி மகிழும் என்கிறார். கண் அழகாக இருக்கிறது என்று ஒருவர் புகழ்ந்தால் காது கோபித்துக்கொள்வதில்லை. மேலும், நம்மிடம் இருப்பவற்றுள் நாம் பெற்றுக்கொள்ளாதது எது என்றும் கேட்கிறார். நஞ்சியம்மாவின் குரல் அவருக்கு அருளப்பட்டது. என்னுடைய இலக்கண அறிவும் எனக்கு அருளப்பட்டதே. என் ஆசிரியர் ஒருவர் பொறுமையோடு கற்பித்தார்; என் தந்தையார் கடைக் கணக்கில் மிச்சம் பிடித்துக் கல்லூரிக்கு அனுப்பினார். இவற்றுள் எதை நான் என் கையால் படைத்தேன்? இரண்டு பேரும் ஒரே கொடையாளியின் வாசலில் நின்று பெற்றவர்கள் என்று உணர்ந்துவிட்டால், அவனுடைய பங்கை நான் அளந்து பார்க்கும் உரிமை போய்விடுகிறது.

இங்கே ஓர் ஐயம் எழலாம். அப்படியானால் அநீதியைக் கண்டும் வாய் மூடியிருப்பதுதான் தாழ்மையோ? அன்று. தகுதியற்றவருக்குச் செல்வாக்கினால் பதவி கிடைத்தால் எடுத்துரைக்க வேண்டியதே. ஒரு பாட்டோ புத்தகமோ நமக்கு உடன்பாடில்லாவிட்டால் மரியாதையோடு சொல்லவும் உரிமை உண்டு. நியாயம் பேசுகிறோமா, நியாயத்தின் ஆடையில் பொறாமை பேசுகிறதா என்று பிரித்தறிய நான் இரண்டு கேள்விகளைக் கைக்கொண்டிருக்கிறேன். முதலாவது: இந்த நியாயத்தை முடிவு தெரிவதற்கு முன்பே நான் பேசினேனா? பதவிக்கு ஆள் எடுக்கும் முறை தவறு என்று நான் முன்பு ஒருநாளும் சொன்னதில்லை. எனக்குக் கிடைக்காத பிறகே அது தவறாகத் தெரிந்தது. இரண்டாவது: இதே பேறு என் பிள்ளைக்குக் கிடைத்திருந்தால் இப்படிப் பேசுவேனா? இவ்விரண்டு கேள்விகளுக்கும் நெஞ்சறிய விடை சொல்லிப் பார்த்தால், நம் நியாயங்களில் பெரும்பாலானவை தாமே வாய் மூடிக்கொள்ளும்.

தாழ்மை என்றால் தன்னை இகழ்ந்து பேசுவது என்றும் சிலர் எண்ணுகிறார்கள். "நான் ஒன்றுக்கும் உதவாதவன், நீங்கள்தான் மேதை" என்று சொல்வது தாழ்மை போலத் தோன்றும். அங்கேயும் பேச்சின் நடுவில் 'நான்' என்பதே உட்கார்ந்திருக்கிறது. மெய்யான தாழ்மையில் நம்மைப் பற்றிய பேச்சே எழாது. மற்றவர் செய்த செயலை நன்றாகப் பார்த்து, அதில் சிறந்தது இன்னது என்று சொல்ல அங்கே ஓய்வு கிடைக்கும். நஞ்சியம்மாவுக்காகப் பேசிய இசைக்கலைஞர்கள் தங்கள் வித்தையை இழிவாகச் சொல்லவில்லை; அந்தப் பாட்டின் சிறப்பைச் சொன்னார்கள்.

என் கதையை முடித்துவிடுகிறேன். மறுநாள் மாலை ஒரு சீப்பு வாழைப்பழத்தை வாங்கிக்கொண்டு அந்த இளைய நண்பரின் வீட்டுக்குப் போனேன். "தம்பி, மூன்று வாரம் தாமதித்து வந்திருக்கிறேன். வாழ்த்துகள்" என்றேன். அவர் என்னை உட்கார வைத்துவிட்டுச் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, "அண்ணா, அன்று உத்தரவு கைக்கு வந்ததும் முதலில் உங்கள் மேசைக்குத்தான் வந்தேன். நீங்கள் கோப்பிலிருந்து நிமிரவே இல்லை. திரும்பிப் போய்விட்டேன்" என்றார். அவ்வளவு மகிழ்ச்சியான ஒரு நாளில் அவர் மனத்தில் நான் ஒரு சிறு கறையை வைத்துவிட்டேன் என்பது அப்பொழுதுதான் தெரிந்தது. வாழ்த்தாமல் இருப்பதும் ஒரு செயல். அதுவும் ஒருவரைச் சென்று தைக்கிறது.

அன்றோடு என் பொறாமை மாண்டுபோயிற்று என்று உங்களிடம் சொல்ல மாட்டேன். அது இன்னும் சில நாட்களில் எழுந்து பார்க்கிறது. ஆனால் ஒரு நன்மை விளைந்தது. அதுவரை குற்றம் காண்பதற்காகவே படித்து வந்த அவருடைய மொழிபெயர்ப்பை, கற்றுக்கொள்வதற்காகப் படிக்கத் தொடங்கினேன். நான் மூன்று வரியில் இழுத்துச் செல்லும் சட்ட வாசகத்தை அவர் ஒரு வரியில் தெளிவாக முடிக்கிறார். எப்படி என்று கேட்டேன்; மகிழ்ந்து சொல்லிக்கொடுத்தார். நாற்பது வயது கடந்த பிறகு எனக்கு ஓர் ஆசிரியர் கிடைத்தார். அகளியில் எங்கள் வாசலுக்கு வந்த பாட்டைச் சங்கீதம் என்று அறியாமல் இளமையைக் கழித்தேன்; அதே பிழையை அலுவலகத்திலும் செய்ய இருந்தேன். பிறருடைய உயர்வைக் காண மறுப்பவன் முதலில் இழப்பது தன் கல்வியை.

ஆகவே நேயர்களுக்கு ஒரு சிறு விண்ணப்பம். நம் தமிழ்க் குடும்பங்களுள் ஒருவருக்கு ஒரு சிறப்பு வந்தது என்று கேள்விப்பட்டால், அன்றைக்கே போய்ச் சொல்லுங்கள். நாளைக்கு என்று ஒத்திப்போட வேண்டாம். பொறாமைக்கு வேர்விட ஓர் இரவு போதும். பொதுவாக வாழ்த்தாமல், அவர் செய்தவற்றுள் உங்களுக்குப் பிடித்தது எது என்று பெயரிட்டுச் சொல்லுங்கள். அவர் இல்லாத இடத்திலும் அதையே சொல்லுங்கள். இயலுமானால் யோனத்தானைப்போல உங்களிடம் உள்ள ஒன்றை, உங்கள் அனுபவத்தையோ புத்தகத்தையோ அறிமுகத்தையோ, அவருக்குக் கொடுங்கள். கொடுத்தவர் மீது பொறாமை வரலாம். கொடுக்கப்பட்டவர் மீது பொறாமை நிலைப்பது அரிது.

எங்கள் அட்டப்பாடியில் பவானி ஆறு ஓடுகிறது. கேரளத்தில் கிழக்கு நோக்கி ஓடும் மூன்று ஆறுகளுள் அதுவும் ஒன்று. நீலகிரியில் பிறந்து, முக்காலி என்ற இடத்தில் திரும்பி, மீண்டும் தமிழ்நாட்டை நோக்கி வருகிறது. கோயம்புத்தூர் நகரத்துக்குக் குடிநீர் தரும் சிறுவாணி, அட்டப்பாடிப் பள்ளத்தாக்கில் பவானியோடு கலந்து தன் பெயரை விட்டுவிடுகிறது. அந்தப் பவானியும் பிறகு கூடுதுறையில் காவிரியோடு கலந்து தன் பெயரை விட்டுவிடுகிறது. தஞ்சையில் நெல் விளையும்போது உழவர் காவிரியைத்தான் வாழ்த்துகிறார்கள். அந்த வாழ்த்தில் பவானிக்கும் சிறுவாணிக்கும் பங்கு இல்லாமற் போகவில்லை. நீர் அவற்றினுடையதும் ஆகும்.

நம்மில் ஒருவர் உயரும்போது நம் எல்லோருடைய நீரும் அங்கே உயர்கிறது. அதைக் கண்டு மகிழும் உள்ளத்தை இறைவன் நமக்கு அருள்வானாக.